விலை, தூரம், மறுப்பு

1

பெட்ரோல் விலையைப் பற்றிப் பேசுவது இலக்கியப் பத்திரிகையின் வேலையா என்று கேட்கக்கூடிய நண்பர்கள் நம்மிடையே உண்டு. விலைவாசி தினசரிகளுக்கும் மேடைகளுக்கும் உரியது, நமக்குரியது மனிதன் என்பது அவர்கள் கட்சி. ஆனால் மனிதன் ஒவ்வொரு நாளும் எங்கிருந்து எங்கே போகிறான், எதில் போகிறான், போகாமலிருக்க அவனால் முடியுமா என்பவையும் மனிதனைப் பற்றிய கேள்விகள்தாம். சுதந்திரம் என்ற சொல்லை நாம் கட்டுரைக்குக் கட்டுரை உபயோகித்து வருகிறோம். அந்தச் சொல்லை ஒரு லிட்டர் பெட்ரோலுக்குப் பக்கத்தில் வைத்தால் அதற்கு என்ன ஆகிறது என்று பார்ப்பதே இங்கு என் நோக்கம்.

கவிஞ நண்பர் ஒருவர் சமீபத்தில் சொன்னார்: பெட்ரோல் விலை இன்னும் ஏறவேண்டும், ஏறினால்தான் ஜனங்கள் வண்டியை விட்டுவிட்டு பஸ்ஸிலும் ரயிலிலும் போகப் பழகுவார்கள் என்று. அவர் சொன்னதை அசட்டுத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. இந்தியா தனக்கு வேண்டிய கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அது எரிந்து கிளப்பும் புகை யாருடைய மார்பில் இறங்குகிறது என்பதும் தெரிந்த விஷயம். பண்டம் கெடுதலானது என்றால் அதன் விலையை ஏற்று, மனிதன் தானே திருந்துவான் என்கிற தர்க்கம் கேட்பதற்கு நேராகத்தான் இருக்கிறது. இருந்தும் அதில் ஒரு தார்மீகக் கோணல் இருப்பதாக எனக்குப் படுகிறது. கோணல் எங்கே என்பதைப் பொதுவாகச் சொல்வதைவிட, நான் வேலை பார்க்கிற ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் சாலையில் வைத்துக் காட்டுவது சுலபம். இந்தப் பக்கத்து வங்கிக் கிளை ஒன்றில் நான் கிளார்க். வாகனக் கடன் பத்திரங்கள் என் மேஜை வழியாகத்தான் போகின்றன.

2

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் 1998இல் கார் செய்ய ஆரம்பித்தது. ஒரகடத்தில் 2010இல் ரெனோ–நிஸ்ஸான் ஆலை வந்தது. 2012இல் டைம்லர் லாரி ஆலை, 2013இல் ராயல் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் ஆலை. டயர் செய்கிறவர்களும் கண்ணாடி செய்கிறவர்களும் சுற்றிலும் இருக்கிறார்கள். சக்கரத்தின் மேல் ஓடும் எதுவானாலும் இந்த வட்டாரத்தில் செய்துவிடலாம். ஆனால் ஸ்ரீபெரும்புதூரில் ரயில் நிலையம் கிடையாது. ஆவடியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகக் கூடுவாஞ்சேரிக்கு ஒரு பாதை பத்தாண்டுகளுக்கு மேலாகத் திட்டக் காகிதங்களில் இருக்கிறது. இன்றைக்கு ரயில் வேண்டுமென்றால் ஒரு பக்கம் திருவள்ளூர், ஒரு பக்கம் காஞ்சிபுரம், இன்னொரு பக்கம் சிங்கப்பெருமாள்கோவில். மூன்றுமே நடந்து போகிற தூரத்தில் இல்லை.

இங்கே ஒரு விசித்திரத்தைக் குறிப்பிட வேண்டும். வாலாஜாபாத் ரயில் நிலையத்தில் இந்த வட்டாரத்துக் கார்களை ரயிலில் ஏற்றுகிறார்கள். மூடிய பெட்டிகளில் வரிசை வரிசையாகக் கார்கள் வடக்கே போகின்றன. லாரியில் ஏற்றி நெடுஞ்சாலை வழியாக அனுப்புவதைவிட அது சிக்கனம் என்று கண்டிருக்கிறார்கள், கணக்கு சரிதான். ஆக, கார் ரயிலில் போகிறது, காரைச் செய்தவன் சாலையில் போகிறான். ரயிலின் சிக்கனம் சரக்குக்குத் தெரிந்துவிட்டது. மனிதர்கள் விஷயத்தில் அதே கணக்கைப் போட்டுப் பார்க்க யாருக்கும் அவசரமில்லை.

கார் வேண்டுமா வேறு வாகனம் வேண்டுமா என்கிற விவாதமே நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே அதற்கு ஓர் அர்த்தம் இருந்தது. 1914இல் ஹென்றி ஃபோர்டு தொழிலாளிக்கு நாள் ஒன்றுக்கு ஐந்து டாலர் தர முன்வந்தார். செய்கிறவனே வாங்குகிறவனும் ஆனான். அந்த ஃபோர்டு கம்பெனி நம் மறைமலைநகரில் ஆலை வைத்து, 2021இல் இந்திய உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டுப் போயிற்று. நம் நாட்டில் நூறு குடும்பங்களில் கார் இருப்பது ஏறத்தாழ எட்டில். ஆகவே இந்தச் சாலையில் ‘காரைச் சார்ந்திருப்பது’ என்பதற்கு வேறு பொருள் கொள்ளவேண்டியிருக்கிறது. இவர்கள் காரில் போகவில்லை, காருக்குப் போகிறார்கள். அதைச் செய்யும் வேலைக்குப் போக ஒரு மோட்டார் சைக்கிளும் அதற்கு பெட்ரோலும் தேவைப்படுகின்றன.

3

மாஸாசூஸெட்ஸில் தோரோ ஒரு கணக்குப் போட்டார். அவர் ஊரிலிருந்து ஃபிட்ச்பர்க் 30 மைல். ரயில் கட்டணம் 90 ஸென்ட், கிட்டத்தட்ட ஒரு நாள் கூலி. ரயில்காரன் அந்தக் கூலியைச் சம்பாதித்து முடிப்பதற்குள் நடந்து போகிறவன் ஊர் சேர்ந்துவிடுவான் என்பது அவர் வாதம். நூற்றிருபது ஆண்டுகள் கழித்து இவான் இலிச் அதே கணக்கைக் காருக்குப் போட்டார். அமெரிக்கன் ஒருவன் காரில் உட்காருவதற்கும் காருக்காகச் சம்பாதிப்பதற்குமாக ஆண்டில் 1,600 மணி நேரம் செலவழித்து 7,500 மைல் போகிறான், மணிக்கு ஐந்து மைல்கூட ஆகவில்லை என்று.

இதை ஒரகடத்துக்குப் போட்டுப் பார்க்கலாம். உதாரணத்துக்கான எண்களே இவை. கான்ட்ராக்ட் தொழிலாளி ஒருவனுக்கு மாதம் 15,000 ரூபாய், 25 நாள் வேலை என்று வைத்துக்கொள்வோம். நாள் ஒன்றுக்கு 600, மணிக்கு 75. போக வர 50 கிலோமீட்டர், அதற்கு ஒரு லிட்டர் பெட்ரோல், நூறு ரூபாய். வண்டிக்கடன் தவணை மாதம் 2,500, நாள் கணக்கில் அதுவும் நூறு. ஆயில், டயர், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் எல்லாம் சேர்த்து 25. மொத்தம் 225 ரூபாய், அதாவது மூன்று மணி நேர உழைப்பு. சாலையில் கழியும் ஒன்றரை மணியையும் சேர்த்தால் நாலரை மணியில் 50 கிலோமீட்டர். மணிக்குப் பதினொரு கிலோமீட்டர். சைக்கிள் இதைவிட மெதுவாகப் போவதில்லை.

எட்டு மணி நேர ஷிப்டில் முதல் மூன்று மணி நேரம் வேலைக்கு வந்து சேர்ந்ததற்காகவே வேலை செய்கிறான் என்று இதைச் சொல்லிவிடலாம். தோரோவும் இலிச்சும் இங்கே நிறுத்திக்கொள்வார்கள். எனக்கு இங்கேதான் சந்தேகம் ஆரம்பிக்கிறது. ரயிலில் போகாமல் நடந்து போகலாம் என்று தோரோ சொன்னபோது அவருக்கு நடக்க ஒரு நாளும் ஒரு பாதையும் இருந்தன, ஃபிட்ச்பர்க்கில் ஏழு மணிக்கு ஷிப்ட் இல்லை. டிரெய்லர் லாரிகள் ஓடும் ஆறுவழிச் சாலையில் விடியற்காலை இருட்டில் ஐம்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கணக்கு சரியாக இருக்கிறது. ஆனால் கணக்கு காட்டும் வழியில் நடக்க அவனுக்குப் பாதை போட்டிருக்கவில்லை.

4

நகைக் கடனுக்கும் வாகனக் கடனுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. நகையைக் கொண்டுவந்தவன் அதை எங்களிடம் விட்டுவிட்டு வெறுங்கழுத்தோடு போகிறான். வாகனக் கடனில் அடமானப் பொருள் கடன் வாங்கியவனிடமே இருக்கும். ஆர்.சி. புத்தகத்தில் வங்கியின் பெயரை ஏற்றுவதோடு சரி. ஹைப்பாதிகேஷன் என்று அதற்குப் பெயர். வண்டி ஓடினால்தான் அவன் வேலைக்குப் போவான், வேலைக்குப் போனால்தான் தவணை வரும். வண்டியை வாங்கி வைத்துக்கொண்டால் கடன் திரும்பாது. அவன் நகர்ந்துகொண்டே இருப்பதுதான் இந்தக் கடனுக்கு உண்மையான ஜாமீன்.

இதிலிருந்து மோட்டார் சைக்கிள் ஒரு விலங்கு என்ற முடிவுக்கு வந்துவிடுவது நம் போன்றவர்களுக்கு எளிது. அந்த முடிவு பொய் என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட வருகிறவர்கள் முகத்தில் பயம் இருக்கிறது, கூடவே வேறொன்றும் இருக்கிறது. சைக்கிளில்கூட ஏறிப் போகக்கூடாது, இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போகவேண்டும் என்று சில ஜாதிக்காரர்களுக்குத் தெருக்கள் மறுக்கப்பட்டிருந்த தேசம் இது. அந்த வழக்கம் எல்லா ஊர்களிலும் செத்துவிட்டதாகச் சொல்லவும் முடியாது. அப்படிப்பட்ட தெரு வழியாகத் தன் பெயருள்ள வண்டியில் ஒருவன் போவது வெறும் போக்குவரத்து இல்லை. மேலும் அதே வண்டியில்தான் ராத்திரியில் ஜுரமடிக்கிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகிறான், பொங்கலுக்கு மனைவியோடு ஊருக்குப் போகிறான். இலிச்சின் கணக்கில் இவை கிலோமீட்டர்களாக மட்டுமே வரும். வண்டியை விட்டுவிடு என்று இவனிடம் சொல்ல உரிமை உள்ளவன் யார்? நம் கவிஞ நண்பருக்கு அந்த உரிமை உண்டா என்பதுதான் கேள்வி.

5

அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலில் ஒரு தெருவே குடத்தோடு நிற்கிறது. பற்றாக்குறை அங்கே மனிதர்களை ஓரிடத்தில் சேர்த்து வைக்கிறது. சண்டை போடுகிறார்கள், பொறாமைப்படுகிறார்கள், ஆனால் ஒருவர் கஷ்டம் மற்றவர் கண்ணுக்குத் தெரிகிறது. பெட்ரோல் விலை அப்படி இல்லை. பங்க்கில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. நூறு ரூபாய்க்குப் போடு என்று ஒருவன் சொல்லும்போது, போன மாதம் நூறு ரூபாய் எத்தனை கிலோமீட்டர் போயிற்று என்பது அவனுக்கு மட்டும் தெரிகிறது. இந்தக் கஷ்டம் தனித்தனியாக வருவதால்தானோ என்னவோ, நம் எழுத்தில் அது இன்னும் வரவில்லை.

அரசியலில் அது நாடகமாக வந்திருக்கிறது. 1973இல் பெட்ரோல் விலை ஏறியபோது வாஜ்பாய் மாட்டு வண்டியில் பாராளுமன்றம் போனார். 2002இல் அவர் பிரதமராக இருந்தபோதுதான் அரசே எண்ணெய் விலையை நிர்ணயிக்கும் பழைய முறை முடிவுக்கு வந்தது. பிறகு விலை மறுபடி அரசின் பிடிக்குள் வந்து, 2010இல் எதிர்க்கட்சியின் ஆட்சியில் பெட்ரோல் திரும்பவும் சந்தைக்கு விடப்பட்டது. 2017இலிருந்து விலை தினசரி மாறலாயிற்று. இதை ஒரு கட்சியின் முரண்பாடாகப் பார்ப்பது சின்ன விஷயம். எதிர்க்கட்சியாக இருக்கும்போது விலை அநியாயம், ஆளும்போது விலை நியதி என்று எல்லாரும் மாறி மாறிப் பேசுவதில் ஒன்று மட்டும் மாறாமலிருக்கிறது: தூரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2021ஆம் ஆண்டைத் தனியாக எடுத்துப் பார்க்கவேண்டும். அவ்வருஷம் ஜூலையில் சென்னையில் பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டியது. அதில் மத்திய அரசின் எக்ஸைஸ் வரி மட்டும் லிட்டருக்கு 32 ரூபாய் 90 காசு. ஆகஸ்ட் 13 அன்று தமிழக நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் பட்ஜெட்டில் மாநில வரியை லிட்டருக்கு மூன்று ரூபாய் குறைத்தார். மாநிலத்தில் 2 கோடியே 63 லட்சம் இருசக்கர வாகனங்கள் இருக்கின்றன, அவை உழைக்கும் ஏழைகளின் வாகனம் என்று காரணமும் சொன்னார். அரசுக்கு ஆண்டுக்கு 1,160 கோடி ரூபாய் நஷ்டம். அதே அரசு மூன்று மாதத்துக்கு முன், மே மாதம், சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று உத்தரவிட்டிருந்தது. அதற்கு அப்போது மதிப்பிட்ட செலவு ஆண்டுக்கு 1,200 கோடி.

இரண்டும் கிட்டத்தட்ட ஒரே தொகை. இரண்டும் ஏழைகளை நினைத்துச் செய்தவை. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு தத்துவ வித்தியாசம் இருக்கிறது. மூன்று ரூபாய்க் குறைப்பு, நீ பெட்ரோல் போட்டே தீரவேண்டியவன் என்பதை ஒப்புக்கொண்டு வலியைச் சற்றுக் குறைக்கிறது. என் உதாரணத் தொழிலாளிக்கு மாதம் 75 ரூபாய் மிச்சம், அதாவது ஒரு மணி நேர உழைப்பு. பஸ் உத்தரவு பெட்ரோலைப் பற்றிப் பேசவே இல்லை. பெட்ரோல் என்ன விலை விற்றாலும் உனக்கு இன்னொரு வழி உண்டு என்கிறது. முன்னது விலையைத் தொடுகிறது, பின்னது விலைக்கும் மனிதனுக்கும் உள்ள உறவைத் தொடுகிறது. ஒரு பெண் வீட்டில் யாரிடமும் காசு கேட்காமல் பஸ் ஏறிப் போகலாம் என்பதில் எண்ணெய்ச் சந்தையின் அதிகாரம் ஒரு அங்குலம் குறைகிறது. வீட்டிலுள்ள ஆண்களின் அதிகாரமும்தான்.

நான் தாம்பரத்திலிருந்து படப்பை வழியாக பஸ்ஸில் வருகிறவன். என் பஸ்ஸில் பெண்கள் அதிகம். ஆனால் விடியற்காலை ஷிப்டும் இரவு ஷிப்டும் பஸ்ஸின் கால அட்டவணையைப் பார்த்து ஏற்பட்டவை அல்ல. டிக்கெட் இல்லாத பஸ், வராத நேரத்தில் யாருக்கும் இலவசமில்லை.

6

இந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் நிறைய ஓடுகின்றனவே என்று கேட்கலாம். ஓடுகின்றன. அவற்றில் போகிறவனுக்குப் பெட்ரோல் விலை தெரியவேண்டியதில்லை. ஆனால் அந்த பஸ் கம்பெனியின் வாசலுக்கு மட்டும்தான் போகும், கம்பெனி சொன்ன நேரத்துக்குத்தான் போகும். ஓவர்டைம் வேண்டாம் என்று சொன்னவன் வீடு திரும்ப அது காத்திருக்காது.

இதன் எல்லை எங்கே என்பதையும் இதே சாலையில் பார்த்தோம். சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலைசெய்த பெண்கள் விடுதிகளில் தங்கி, பஸ்ஸில் ஆலைக்குப் போய்வந்தார்கள். அவர்களுக்குப் பெட்ரோல் செலவு கிடையாது, தூரம் என்கிற பிரச்னையே தீர்த்துவைக்கப்பட்டிருந்தது. 2021 டிசம்பரில் ஒரு விடுதியில் சாப்பாடு விஷமாகிப் பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தபோது, அந்தப் பெண்கள் இறங்கி வந்து சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தார்கள். வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வேறு இடம் இருக்கவில்லை, சாலையில் உட்காரவேண்டியிருந்தது.

எனவே பெட்ரோலிலிருந்து விடுபடுவதே சுதந்திரம் என்றும் சொல்வதற்கில்லை. மின்சார ஸ்கூட்டர் வந்துவிட்டது, இனிக் கவலையில்லை என்கிறவர்களுக்கும் இதுவே பதில். பெட்ரோல் போய் பாட்டரி வரும், தவணை இருக்கும், தூரம் இருக்கும். வண்டியும் எரிபொருளும் எதுவாக இருந்தாலும் சரி, கேள்வி ஒன்றுதான்: போகிறவனால் மறுக்க முடியுமா?

ஸ்ரீபெரும்புதூர் ராமானுஜர் பிறந்த ஊர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் உபதேசம் பெற அவர் ஸ்ரீரங்கத்திலிருந்து பதினெட்டு முறை நடந்தார் என்பது குருபரம்பரை சொல்லும் கதை. பதினேழு முறை வெறுங்கையோடு திரும்பினார். அந்தத் தூரம் வீணாகத் தோன்றவில்லை நமக்கு. அது அவருடைய தகுதியாக ஆகிவிடுகிறது. காரணம், அவர் போகாமல் இருந்திருக்கலாம். பதினெட்டாவது முறை புறப்படும்போதும் போகாமலிருக்கும் சாத்தியம் அவர் கையில் இருந்தது. மறுக்கக்கூடியவன் நடக்கும் தூரம் அவனுக்குச் சொந்தமாகிறது. மறுக்க முடியாதவன் போகும் தூரம் வேறு யாருடையதோ, அதற்குச் செலவு மட்டும் இவனுடையது.

7

இப்போது நண்பரிடம் திரும்பலாம். விலை ஏறினால் ஜனங்கள் திருந்துவார்கள் என்றார். விலை ஒரு ஆசிரியனாக இருக்கக்கூடும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆசிரியன் கேள்வி கேட்டால் பதில் சொல்ல மாணவனுக்கு இடம் இருக்கவேண்டும். மாம்பலத்தில் வீடும் மவுண்ட்ரோட்டில் ஆபீஸும் உள்ளவரிடம் விலை பேசினால், சரி, நாளையிலிருந்து மின்சார ரயிலில் போகிறேன் என்று அவர் பதில் சொல்லலாம். அங்கே விலைக்கு ஒரு தார்மீக அர்த்தம் ஏற்படுகிறது. ஒரகடத்துக்காரனிடம் அதே விலை அதே வார்த்தையில் பேசும்போது அவனிடம் பதில் இல்லை, பர்ஸ்தான் இருக்கிறது. பதில் சொல்ல முடியாதவனிடம் வாங்குவதற்குப் பெயர் பாடம் அல்ல, அபராதம். அபராதம் என்றால் குற்றம் ஒன்று இருக்கவேண்டும். ஆலைக்கு இந்த இடம் என்று வரைபடத்தில் குறித்தவர்கள், நிலத்தை சிப்காட்டுக்கு எடுத்தவர்கள், ஆறுவழிச் சாலையைப் போட்டுவிட்டு ரயில் பாதையைக் காகிதத்தில் விட்டவர்கள் இவர்களில் யாரும் அந்தத் தூரத்துக்கு ஒரு லிட்டரும் போடவில்லை. 2022இல் பரந்தூரில் விமான நிலையம் என்று அறிவித்தார்கள். அதையொட்டி, பூந்தமல்லியிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வழியாகப் பரந்தூர் வரை மெட்ரோ ரயிலை நீட்டுவது பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள். கால் நூற்றாண்டாக ஷிப்டுக்குப் போகிறவர்கள் தராத அவசரத்தை, இன்னும் ஏறாத விமானப் பயணி தந்துவிட்டான்.

ஆகவே வரிசை முக்கியம் என்கிறேன். முதலில் பஸ், முதலில் ரயில், ராத்திரி பத்து மணிக்கும் விடியற்காலை ஐந்து மணிக்கும் வருகிற பஸ். அதன் பிறகு பெட்ரோல் விலையை ஏற்றுங்கள், அப்போது நானும் உங்களோடு சேர்ந்து ஏற்றச் சொல்கிறேன். அந்த வரிசை மாறினால் நாம் பேசுவது சுற்றுச்சூழல் தர்மம் இல்லை, வசதியுள்ளவனின் ருசி.

பொது பஸ் நம்மிடமும் ஒன்றைக் கேட்கிறது. காத்திருக்கச் சொல்கிறது, இன்னொருவன் வியர்வையோடு நிற்கச் சொல்கிறது. புதுக்கவிதையில் பஸ் ஏராளமாக வருகிறது, பெரும்பாலும் ஜன்னலோர இருக்கையிலிருந்து. அதில் நிற்கிறவனை நாம் இன்னும் எழுதவில்லை. பஸ் வருவதற்கு முன்பே கிளம்பவேண்டியிருந்ததால் கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவனையும்தான்.